பூஜ்யம் எட்டான கதை: ராமுக்கு ஒரு லிமிட்

காலாண்டுக் கணக்கு முடிப்பு, ஆடிட், அது இது என்று ஆபீஸில் ஆணி பிடுங்கியதில் இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. இன்றைக்குக் கொஞ்சம் டெக்னிக்கல் சமாசாரம். பி.காம் படித்த பேங்க்காரனுக்கு லினக்ஸ் கெர்னலோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் கடைசி வரைக்கும் படிங்க. ஊரில் அப்பா அம்மாவுக்குப் பழைய லேப்டாப் கொடுத்துவிட்டு வந்த எல்லாருக்கும் இதில் வேலை இருக்கு.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் இருக்கிற மொத்த மெமரியையும் பயன்படுத்தாதே, இவ்வளவுக்கு மேல் போகாதே என்று நாமே ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கட்டளை போட முடியும். லினக்ஸில் அதற்கு ஒரே ஒரு சொல் போதும். காசு கொடுத்து வாங்கின ராமை எவனாவது வேண்டாம் என்பானா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அபர்டீன் பஜார் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அக்காவின் லேப்டாப்பைப் பார்க்கிற வரை.

அக்காவுக்கு ராமநாதபுரம் பக்கம். இங்கே வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடையில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரிண்டர், ஒரு சின்ன லேப்டாப். காலேஜ் விண்ணப்பம், ஸ்காலர்ஷிப் ஃபாரம், கப்பல் டிக்கெட், ஆதார் திருத்தம் என்று ஊர்க்காரர்களுக்கு எல்லாம் அந்த லேப்டாப்தான் வாசல். ஜூன், ஜூலையில் வருகிற வருமானத்தில்தான் வருஷத்துக் கடை வாடகையில் பாதி தேறும். அந்த ஜூனில் லேப்டாப் நினைத்த நேரத்தில் உறைந்து போக ஆரம்பித்தது. ஒரு பிள்ளையின் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்து சேமித்தால், திறக்கும்போது பாதிப் படம் பச்சைக் கோடாக வருகிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "ராம் போர்டிலேயே பத்தவெச்சது, கழட்ட முடியாது, போர்டையே மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். போர்டு சென்னையிலிருந்து வரணும். பழைய மாடல், கிடைத்தால் உண்டு.

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது) இருப்பவர்களுக்கு இந்த "சென்னையிலிருந்து வரணும்" புதிதல்ல. கப்பல் சென்னையை விட்டால் வந்து சேர மூன்று நாள். இன்டர்நெட்டே 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வரைக்கும் சாட்டிலைட் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போட்ட கேபிளைத் திறந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு சினிமா தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஆனால் கேபிள் வழியாக மதர்போர்டு வராதே :-)

அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, இது இன்னும் மூணு வாரம் மட்டும் ஓடுமா? சீசன் முடிஞ்சா வேற வாங்கிக்கறேன்."

ஓடுமா என்பதைவிட, ஓட விடலாமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

மெமரி கெட்டால் கம்ப்யூட்டர் நின்றுபோகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நின்றுபோனால் பரவாயில்லை, தெரிந்துவிடும். நிற்காமல், தப்பை மட்டும் சத்தமில்லாமல் செய்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. கம்ப்யூட்டருக்குள் எல்லாமே ஒன்றும் சைபரும் என்று படித்திருப்பீர்கள். நாம் தட்டுகிற "0" என்ற எழுத்து உள்ளே 48 என்ற எண்ணாகப் பதிகிறது. எட்டு பிட்டில் எழுதினால் 00110000. "8" என்ற எழுத்து 56, அதாவது 00111000. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். கெட்டுப்போன ஒரு செல் அந்த இடத்தில் சைபரை ஒன்றாக்கிவிட்டால், பூஜ்யம் எட்டாகிவிடும். அதே மாதிரி ஒன்று ஒன்பதாகும். திரையில் சிவப்பு எழுத்து வராது, மணி அடிக்காது.

இருபது வருஷமாக எண்களோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்? ஆதார் எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் தப்பிக்கலாம். அதன் கடைசி இலக்கம் வெர்ஹோஃப் என்ற முறையில் போட்ட சோதனை இலக்கம். ஒரு இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் கணக்கு உதைக்கும். ஆனால் மொபைல் நம்பருக்கு அப்படிக் காவல் கிடையாது. ஒரு இலக்கம் மாறினால் அது வேறு யாருடைய நம்பராகவோ ஆகிவிடும். காலேஜிலிருந்து வருகிற ஓடிபியும் கவுன்சலிங் தேதியும் அவருக்குப் போகும். பிள்ளை இங்கே உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கும்.

இது அபூர்வமான நோய் என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் தன் சர்வர்களில் இருக்கிற மெமரியைப் பற்றி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட மெமரி பட்டைகளில் பிழை வந்திருந்தது. சர்வர்களில் ஈசிசி என்ற மெமரி இருக்கும். ஒரு பிட் புரண்டால் அதுவே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். வீட்டிலும் கடையிலும் இருக்கிற சாதாரண லேப்டாப்பில் அது கிடையாது.

அதனால் முதலில் சோதனை. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்று ஒரு இலவச மென்பொருள். பழைய மெம்டெஸ்ட்86-லிருந்து 2004-ல் கிளை பிரிந்தது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பணும். விண்டோஸோ லினக்ஸோ இல்லாமல் தானே நின்று, மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதினதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். எங்கள் கேஷ் கவுண்டரில் நூறு நோட்டுக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுவது மாதிரி. ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டோம். காலையில் போய்ப் பார்த்தால் நான்கு சுற்று முடிந்திருந்தது. மொத்தம் 2 ஜிபி, அதாவது 2,048 எம்பி. நான்கு சுற்றிலும் பிழை வந்தது 1,846 எம்பிக்கும் 1,851 எம்பிக்கும் நடுவில் மட்டும். அதற்குக் கீழே ஒரு பிழைகூட இல்லை.

இது நல்ல சேதி. எப்படி என்றால், போர்ட் பிளேரில் தண்ணீரை முறை வைத்து விட்ட கோடைகளைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில் மேலே, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு விரிசல் விழுந்துவிட்டது. புதுத் தொட்டி வரக் கப்பல் வரணும். என்ன செய்வோம்? உள்ளே இருக்கிற மிதவையைக் கீழே இறக்கிக் கட்டுவோம். தண்ணீர் விரிசலைத் தொடுவதற்கு முன்னாலேயே குழாய் மூடிக்கொள்ளும். தொட்டி முழுசாக நிறையாது, ஆனால் ஒழுகாது. விரிசல் அடியில் விழுந்திருந்தால் இந்த வித்தை செல்லாது. அக்காவின் லேப்டாப்பில் விரிசல் மேலே இருந்தது.

அந்த மிதவைக்குத்தான் லினக்ஸில் "மெம்" என்று பெயர். கெர்னல் எழும்பும்போது அதனிடம் சொல்லுகிற கட்டளை வரியில் "மெம்=1792எம்" என்று சேர்த்தால் (எல்லாம் ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி இல்லாமல்), 1,792 எம்பிக்கு மேல் இருக்கிற ராமைக் கெர்னல் திரும்பியே பார்க்காது. பிழை 1,846-ல்தானே ஆரம்பிக்கிறது, 1,840 வைத்தால் என்ன என்று கேட்கலாம். கெட்ட இடத்துக்குப் பக்கத்து இடமும் நாளைக்குக் கெடலாம். கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. இழப்பு 256 எம்பி. எட்டில் ஒரு பங்கு.

செய்முறை சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எழும்பும்போது க்ரப் என்ற மெனு வரும். (வராவிட்டால் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையைப் பிடித்துப் பாருங்கள்.) மெனுவில் "ஈ" விசையைத் தட்டினால் அந்த மெனுவின் கட்டளைகள் திறக்கும். "லினக்ஸ்" என்று ஆரம்பிக்கிற வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு மேலே சொன்னதைச் சேர்க்கணும். பிறகு கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் எழும்பிவிடும். இது ஒரு தடவைக்கு மட்டும். ஏதாவது தப்பாகப் போனால் அணைத்துப் போட்டால் போதும், பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால் முதலில் இப்படித்தான் பார்க்கணும். எழும்பியதும் டெர்மினலில் "ஃப்ரீ" என்ற கட்டளையைக் கொடுத்தால் மொத்த மெமரி எவ்வளவு என்று காட்டும். குறைந்திருந்தால் கட்டளை ஏறிவிட்டது. (நாம் சொன்ன எண்ணைவிடவும் கொஞ்சம் குறைவாகக் காட்டும். கெர்னல் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.)

இரண்டு நாள் சரியாக ஓடினால் நிரந்தரமாக்கலாம். டெபியன், உபுண்டு வகையறாக்களில் ஈடிசி, டீஃபால்ட் அடைவுகளுக்குள் க்ரப் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் கெர்னல் கட்டளை வரிக்கென்று இருக்கிற மேற்கோள் குறிகளுக்குள் இதையே சேர்த்துவிட்டு, "அப்டேட்-க்ரப்" என்று ஓடவிடணும். சென்னை சி-டாக் தயாரித்து 2007-ல் முதலில் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியன் குடும்பம்தான். அதை வைத்திருப்பவர்களுக்கும் வழி இதேதான்.

விரிசல் நடுவில் இருந்தால்? அதற்கு "மெம்மேப்" என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. இத்தனாவது எம்பியிலிருந்து இத்தனை எம்பி மட்டும் ரிசர்வ், தொடாதே என்று சொல்லலாம். மேலேயும் கீழேயும் இருக்கிற நல்ல இடம் வீணாகாது. ஆனால் அதில் டாலர் குறி ஒன்று வரும். க்ரப் அதைத் தன்னுடைய குறி என்று எடுத்து விழுங்கிவிடும். முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டுக் காப்பாற்றணும். குறி தொலைந்தால் கட்டளையின் அர்த்தமே மாறி, கம்ப்யூட்டர் எழும்பாமலே போகலாம். இதையும் முதலில் ஒரு தடவை மட்டும் என்கிற வழியில் சோதித்துவிட்டுத்தான் நிரந்தரமாக்கணும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். "மெம்" மட்டும் போட்டால், மூடின இடத்தின் முகவரிகளை வேறு சாதனங்கள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. வைஃபையோ ஸ்கேனரோ முரண்டு பிடித்தால் அந்த இடத்தை "மெம்மேப்" வைத்து ரிசர்வ் என்றும் குறித்துவிடணும். அக்காவின் லேப்டாப்பில் எல்லாம் ஒழுங்காக எழும்பியதால் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். அதுபோக, கெர்னல் எழும்புவதற்கு முன்னால் பயாஸும் க்ரப்பும் தொடுகிற மெமரியை இந்தக் கட்டளை கட்டுப்படுத்தாது. அதனால் இது வைத்தியம் இல்லை, கட்டுத்தான்.

இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. இன்றைக்கு மெமரியைக் குறைக்கப் பயன்படுகிற இதே "மெம்"மை, தொண்ணூறுகளில் கூட்டுவதற்காகப் பயன்படுத்தினார்கள். அப்போது எவ்வளவு மெமரி இருக்கிறது என்று கெர்னல் பயாஸைக் கேட்டால், பயாஸ் 16 பிட் எண்ணில் கேபி கணக்கில் பதில் சொல்லும். 16 பிட்டில் எழுத முடிகிற பெரிய எண் 65,535. ஆக 64 எம்பிக்கு மேல் இருந்தாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. 128 எம்பி போட்டுவிட்டு லினக்ஸ் 64 தான் காட்டுகிறது என்று தலையில் கை வைத்தவர்கள், அந்தக் காலத்து லைலோ ஃபைலில் "மெம்=128எம்" என்று எழுதிக் கெர்னலுக்கு உண்மையைச் சொன்னார்கள். பிறகு பயாஸே முழு வரைபடம் கொடுக்கிற முறை வந்தது, அந்தத் தேவை போய்விட்டது. மிச்சம் இருப்பது குறைக்கிற வேலை மட்டும். புரோகிராம் எழுதுகிறவர்கள், தாங்கள் எழுதினது குறைந்த மெமரி உள்ள கம்ப்யூட்டரிலும் ஓடுமா என்று பார்க்கவும் இதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

விண்டோஸிலும் "எம்எஸ்கான்ஃபிக்" உள்ளே பூட் பக்கத்தில் "மேக்ஸிமம் மெமரி" என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டிக் போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அதுவும் குறைக்கிற பெட்டிதான். சும்மா இருந்தால் சும்மா விட்டுவிடுங்கள்.

சரி, அக்காவின் கதைக்கு வருவோம். ராமுக்கு லிமிட் போட்டாச்சு. அதற்கு முன்னால் கெட்ட மெமரியோடு ஓடின பத்து நாளில் போட்ட விண்ணப்பங்கள்? என் கவலை முழுக்க அதில்தான். "அக்கா, மெஷின் சரியாயிடுச்சு. ஆனா பழைய ஃபாரம் எல்லாத்தையும் ஒரு தடவை சரிபார்க்கணும்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சீசன் நேரம், வாசலில் வரிசை நிற்கிறது. "எத்தன பேர்னு தெரியுமா தம்பி? நாப்பத்தி மூணு பேரு." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே, "புள்ளைங்க வாழ்க்கைல்ல" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தார்.

அக்காவிடம் ஒரு நல்ல பழக்கம். வருகிறவர்களின் பெயரையும் நம்பரையும் கையால் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். இரண்டு சாயங்காலம் கடை மூடினபின் உட்கார்ந்தோம். நான் நோட்டைப் படிக்க, அவர் பிரிண்ட் காப்பியைப் பார்த்து டிக் போட்டார். பேங்கில் இதற்கு மேக்கர், செக்கர் என்று பெயர். ஒருவர் போடுவதை இன்னொருவர் பார்க்காமல் ஒரு பைசா நகராது. நாற்பத்திரண்டு சரியாக இருந்தது. ஒன்றில் மொபைல் நம்பரின் ஏழாவது இலக்கம், நோட்டில் பூஜ்யம், காப்பியில் எட்டு.

அது ராம் செய்ததா, அவசரத்தில் விரல் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கீபோர்டில் எட்டும் பூஜ்யமும் ஒன்றும் தூரம் இல்லையே. திருத்துகிற ஜன்னல் மூட இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்தப் பெண்ணின் அப்பாவை வரச்சொல்லி அன்றைக்கே திருத்தினார் அக்கா. அதற்குக் காசு வாங்கவில்லை.

லேப்டாப் மூன்று வாரமும் உறையவில்லை. பிரவுசரில் இரண்டு டேபுக்கு மேல் திறக்கக் கூடாது என்று ஒரு சீட்டை ஸ்டிக்கர் மாதிரி ஒட்டி வைத்தோம். மெமரி குறைந்திருப்பதால் அந்தக் கட்டுப்பாடு வேணும். அடியில் இன்னொரு சீட்டு, "மெமரி பழுது, லிமிட் போட்டிருக்கு" என்று, தேதியோடு. நாளைக்கு வேறு யாராவது இதை வாங்கி, புதுசாக லினக்ஸ் ஏற்றினால் லிமிட் போய்விடும், விரிசல் அப்படியே இருக்கும். அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? வாராக்கடனைப் புத்தகத்தில் காட்டாமல் மறைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் தொழிலில் நிறையப் பார்த்தாச்சு. நஷ்டத்தை ஒத்துக்கொண்டு, இவ்வளவு போச்சு என்று எழுதி ஒதுக்கினால் மிச்சத்தை நம்பி வியாபாரம் நடத்தலாம். ஒதுக்காமல் முழுசும் நல்லதுதான் என்று காட்டினால், எது நல்லது எது கெட்டது என்று தெரியாமல் எல்லாமே சந்தேகமாகிவிடும். 256 எம்பியை ஒதுக்கினதில் கிடைத்தது மீதி 1,792 மேல் ஒரு நம்பிக்கை. அவ்வளவுதான் இந்தக் கட்டளையின் பலன்.

ஜூலை கடைசியில் சென்னையிலிருந்து அக்காவுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் கப்பலில் வந்தது. கடையில் வைத்த முதல் ராத்திரியே மெம்டெஸ்ட் ஓடவிட்டாராம், நான் சொல்லாமலே.

இனி உங்கள் பக்கம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இங்கிருந்தோ ஊருக்குப் போகும்போது, நமக்கு ஸ்லோவாகிவிட்ட லேப்டாப்பைத் துடைத்து அப்பாவிடமோ அக்கா பையனிடமோ கொடுத்துவிட்டு வருகிறோம். அவர்கள் அதில்தான் பென்ஷன் ஃபாரம் போடுவார்கள், பேங்க் பார்ப்பார்கள், பரீட்சைக்கு அப்ளை பண்ணுவார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிடுங்கள். ராம் கழற்றுகிற வகையாக இருந்து பிழை வந்தால், முதலில் பட்டையைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கெட்டதைத் தூக்கிப் போடுங்கள். அதுதான் சரியான வைத்தியம். கழற்ற முடியாதது, பிழை ஒரே இடத்தில் நிற்கிறது, வேறு வாங்கக் கொஞ்ச நாள் ஆகும் என்கிற நிலைமைக்குத்தான் லிமிட். பிழை அங்கே இங்கே என்று ஓடிக்கொண்டிருந்தால் லிமிட்டும் வேண்டாம், அந்த லேப்டாப்பும் வேண்டாம்.

டிஸ்கி: நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. மேலே சொன்னதைச் செய்வதற்கு முன்னால் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காப்பி எடுத்ததைத் திறந்தும் பார்த்துவிடுங்கள், கெட்ட மெமரி வழியாகப் போன காப்பியும் கெட்டிருக்கலாம் :-)